புல்லட்டுக்கு நல்ல தண்ணீர்

நவம்பர் 10, திங்கள்

ஸ்கூட்டி போயே போய்விட்டது. உப்பளத்து ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தெரியாமல் இறக்கிவிட்டேன். நட்டநடுவில் நின்றது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்து பேச்சிமுத்து அண்ணாச்சி ஒர்க் ஷாப்பில் சேர்த்தேன். அவர் சைலன்சருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது நல்லா உப்புத் தண்ணி குடிச்சிருக்கு. இஞ்சினப் பிரிக்கணும். சாமான் வர ரெண்டு மாசம்கூட ஆவும்" என்றார்.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அளத்துக் குடியிருப்பில் ஏழு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். சுகர் டெஸ்ட். நான் போய் ரத்தம் எடுத்த பிறகுதான் அவர்கள் வாயில் ஒரு மடக்குக் காபி இறங்கும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் அந்த ரோட்டின் பெயரைச் சொன்னாலே கும்பிடு போடுகிறார்கள்.

இந்த டயரி லேபில் கொடுத்தது. முன்பக்கமெல்லாம் சாம்பிள் எடுத்த நேரம் குறிக்கிறேன். பின்பக்கம் சும்மா கிடக்கிறது. யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது. அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நினைத்துவிட்டேன். எடுத்தும் விட்டேன்.

ரெக்சனுடைய புல்லட். ரெக்சன் என் வீட்டுக்காரர். கப்பலில் டெக் வேலை, துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஏப்ரலில் போனவர், ஜனவரி எட்டாம் தேதி வருகிறார். கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது கூட்டிக் கழித்துப் பதினாலு மாசம்.

அந்தப் புல்லட் அவருடைய முதல் கப்பல் சம்பளம். கருஞ்சிவப்பு டேங்க், அதில் மெல்லிய தங்கக் கோடு. போகும் முன்னால் நாலு பக்கமும் சுற்றி வந்து போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பிறகு கவரைப் போட்டு மூடி, சாவியை பீரோவில் வைத்து, "யாரும் தொடக்கூடாது என்ன" என்றார். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். 'யாரும்' என்றால் யார்?

எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பழகியது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அதைவிடப் பெரிது, நான் லேபுக்குப் போவதும் அவருக்குத் தெரியாது. ஆகஸ்டிலிருந்து போகிறேன். பெண் பார்க்க வந்தபோதே, "வீடு வீடாப் போயி ஊசி குத்துற வேலையெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைக்கு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டு சொன்னவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டுப் போய்.

ஸ்டார்ட் செய்தால் மாடியில் ஜெசிந்தா மைனிக்குக் கேட்டுவிடும். மைனி அவருடைய அக்கா, தம்பிமேல் உயிர். அதனால் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அப்பாடி, என்ன கனம்! ரெயின்கோட், ஹெல்மெட். யார் பார்த்தாலும் ஆம்பளை என்றுதான் நினைப்பார்கள். ஆறாவது உதையில்தான் எழுந்தது. ஏழு பேரிடமும் ரத்தம் எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு நாள்தான். நாளைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வேறு வழி இல்லை.

அண்ணாச்சியிடம் சொல்லி மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டேன். இனி எவ்வளவு ஓடினாலும் கிலோமீட்டர் ஏறாது. "இதெல்லாம் நல்லதுக்கா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். நல்லதுக்குத்தான் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கப்பலிலிருந்து வீடியோ கால் வரும். இரண்டு நிமிஷம் சாப்பாடு, மழை. அப்புறம், "சரி, வண்டியக் காட்டு."

கவரை எடுத்துக் காட்டினேன். காலை ஐந்து மணியிலிருந்து துடைத்து வைத்திருந்தேன்.

"பக்கத்துல கொண்டு போ. மட்காட்டுக்கு அடியில காட்டு. இன்னும் கீழ. அது என்ன வெள்ளையா?"

"லைட்டுங்க."

"பிலோமி, நல்லாக் கேட்டுக்கோ. இப்ப வாடைக் காத்து. அளத்துலருந்து உப்ப வாரிக்கிட்டு வரும். வந்து உக்காரும்போது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது இரும்பு போயிருக்கும். நான் இங்க காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் அதத்தான் சுரண்டிக்கிட்டு இருக்கேன்."

நிற்கிற வண்டிக்கே இவ்வளவு. தினமும் இருபத்திரண்டு கிலோமீட்டர் உப்புத் தண்ணீரில் ஓடுகிற வண்டி என்று தெரிந்தால்?

இவர் கோபக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கை ஓங்கியதே இல்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமான இரண்டாம் வருஷம் கோவிலில் துணி சேகரித்தபோது அவருடைய பழைய கப்பல் கோட் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தோரு நாள் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். நான்தான் சுவரோடு பேசிக்கொண்டு இருந்தேன். அந்த லீவே முடிந்து கப்பலுக்குப் போய்விட்டார். மற்றபடி தங்கமான மனிதர்.

நவம்பர் 18, செவ்வாய்

தினமும் வந்ததும் ஹோஸ் போட்டுக் கழுவுகிறேன். சக்கரம், மட்காட்டு, இஞ்சினுக்கு அடி, ஒன்று விடுவதில்லை. இன்று காய்ந்ததும் பார்த்தால் டேங்க் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு. துடைத்தால் போகிறது, காய்ந்தால் திரும்ப வருகிறது.

அண்ணாச்சி கேட்டார். "எந்தத் தண்ணியில கழுவுதீக?"

"போர் தண்ணியிலதான்."

மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏ தங்கச்சி! ஒங்க வீட்டு போர் தண்ணிய வாயில வைக்க முடியுமா? உப்ப உப்பு ஊத்திக் கழுவியிருக்கீக. ஒரு வாரமா வண்டிக்கு ஊறுகாப் போட்டிருக்கீக."

நான் படித்தவள். சோடியம், பொட்டாசியம் எல்லாம் டெஸ்ட் ட்யூபில் பார்ப்பவள். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

அண்ணாச்சி சொன்னபடி: நல்ல தண்ணீரில் கழுவணும், மேலிருந்து கீழாக. காய்ந்த துணியால் ஒத்தணும், தேய்க்கக் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை டேங்குக்கும் மட்காட்டுக்கும் வாக்ஸ். அது இருந்தால் உப்பு பெயிண்டில் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எல்லாம் மெல்லிசாகக் கிரீஸ். அதைப் பெயிண்டில் மட்டும் தடவிவிடக் கூடாது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. குடிக்க, சமைக்க எடுத்தது போக மீதி நான் தலைக்கு ஊற்றுவது. இப்போது அது புல்லட்டுக்கு. நான் போர் தண்ணீரில் குளித்துக்கொள்கிறேன். இரண்டே நாளில் தலைமுடி சணல் மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

கால் வந்தது. வண்டியைக் காட்டினேன். "பளபளன்னு இருக்கு" என்றார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. என் தலையைப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

நவம்பர் 27, வியாழன்

அளத்தில் வேலம்மா அக்காவுக்கு சுகர் நானூற்றுப் பன்னிரண்டு. கால் கட்டைவிரலில் புண், உப்பு பட்டுப்பட்டு வெளுத்துப் போயிருக்கிறது. "எரியவே இல்லம்மா, அதனால வுட்டுட்டேன்" என்றாள். எரியாமல் இருப்பதுதான் பயம் என்று சொல்லி, நானே வண்டியில் உட்காரவைத்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கு வந்திருந்தால் விரல் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

லேப் முதலாளி கோமதி என்னோடு படித்தவள். இன்று கூப்பிட்டுச் சொன்னாள், அளத்துப் பக்கம் ஒரு கலெக்‌ஷன் சென்டர் திறக்கப் போகிறாளாம், ஜனவரி பன்னிரண்டிலிருந்து. "நீதான் இன்சார்ஜ். ஆனா ஒரு நாள் கூடத் தவறக்கூடாது, பிலோமி. எட்டு மணிக்குள்ள சாம்பிள் இங்க இருக்கணும். ஒனக்கு ஓகேவா?"

ஓகே என்றேன். வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. அவரிடம் சொல்ல வேண்டும். வந்ததும், நல்ல நேரம் பார்த்து, மெதுவாக. வேலையை மட்டும் சொன்னால் போதும், வண்டியைச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 3, புதன்

புயல் சின்னமாம். திரும்பி வரும்போது ரோடே தெரியவில்லை. ஒரு பக்கம் அளம், ஒரு பக்கம் ஓடை, நடுவில் நான். ஊசி மாதிரி மழை. வீட்டுக்குள் வண்டியை ஏற்றியதும் மாடிப்படியில் மைனியின் செருப்புச் சத்தம். கழுவவில்லை, துடைக்கவில்லை, அப்படியே கவரை இழுத்து மூடிவிட்டு உள்ளே ஓடினேன்.

"ஏட்டி பிலோமி, தெப்பலா நனஞ்சிருக்க, எங்க போன?"

"மாடியில துணி எடுக்க, மைனி."

"மாடியில நான்லா இருக்கேன்?"

பின்பக்கத்துக் கொடியில் என்று என்னவோ உளறினேன். மைனி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 5, வெள்ளி

காய்ச்சல். மழை விடவில்லை. ரோடு மூடிவிட்டார்கள், வேலையும் இல்லை. கரண்ட் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

ஐந்து நாள் கழித்துக் கவரை எடுத்தேன். உள்ளே வேர்த்திருந்தது. டேங்கின் இடது பக்கம், கீழ் ஓரத்தில், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் எழும்பி நிற்கிறது. அம்மை போட்டது போல. ஒன்றை நகத்தால் தொட்டேன், உடைந்தது. உள்ளே பழுப்பாய்த் தண்ணீர். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஞாயிறு. கரண்ட் இல்லாததால் கால் வரவில்லை. மாதாவே, உனக்கு ஒரு மெழுகுவர்த்தி.

டிசம்பர் 9, செவ்வாய்

அண்ணாச்சி டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது, "ஏதாச்சும் சொல்லுங்க அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன்.

"ஈரத்தோட மூடிட்டீக தங்கச்சி. மூடாம மழையில விட்டிருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது. காத்துப் பட்டு காஞ்சிருக்கும். உள்ள வச்சு மூடினா உப்பும் ஈரமும் வெளிய போக வழியில்லாம பெயிண்டத்தான் திங்கும்."

சுரண்டி, துரு எடுத்து, பிரைமர் அடித்து, கலர் பார்த்து, கோடு போட வேண்டும். ஓரத்தில் மட்டும் அடித்தால் பழைய கலரோடு சேராது, முழு டேங்கும் அடிக்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் பெயிண்ட் காயவே பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். பெயிண்டர் கையில் வேறு வேலை இருக்கிறது, அடுத்த வாரம்தான் எடுப்பார்.

எட்டாம் தேதிக்கு முப்பது நாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

வலது பக்கத்தைக் காட்டினேன். முன்னால் காட்டினேன். சீட்டைக் காட்டினேன்.

"எடது பக்கம்?"

"இருங்க" என்று போய், போனை ஆட்டி, "கேக்குதா? ஹலோ? நெட்வொர்க்..." என்று சொல்லி, என் கையாலேயே கட் பண்ணிவிட்டேன். நெட்வொர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

இதுவரைக்கும் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தேன், அது வேறு. 'லைட்டுங்க' என்றதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்று சொன்னது பொய்தான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் ஃபாதரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

டிசம்பர் 17, புதன்

டேங்கைக் கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்தாயிற்று. அண்ணாச்சி வேறு ஒரு வண்டியின் கறுப்பு டேங்கை மாட்டிக் கொடுத்தார். சிவப்பு மட்காட்டும் கறுப்பு டேங்குமாய் வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. இன்று மழை இல்லை. கறுப்பு டேங்க் யாருடையதோ, அதில் ஒரு கீறல் விழுந்தாலும் என் தலை போகாது. அளத்து ரோட்டில் தண்ணீர் வடிந்து, ஆறு மணி வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தது. ஒரு ஈ காக்காய் இல்லை. அறுபதில் போனேன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன். எனக்குச் சளி பிடித்திருந்ததால் நன்றாக இல்லை.

திரும்பி வந்து கழுவும்போதுதான் பயம் திரும்ப வந்தது.

டிசம்பர் 20, சனி

காலை ஐந்தே கால். வண்டியைத் தள்ளலாம் என்று ஸ்டாண்டை எடுக்கிறேன், பின்னால் ஜெசிந்தா மைனி நிற்கிறார், இடுப்பில் குடத்தோடு.

"நல்ல தண்ணி. வந்து கழுவிக்கோ" என்று குடத்தை இறக்கி வைத்தார்.

"மைனி..."

"எனக்கு என்ன காது அவிஞ்சா போச்சு? மொதல் நாளே தெரியும். தெருமுனையில ஒதச்சா மாடிக்குக் கேக்காதாக்கும்! நீ தெனம் அத உருட்டிட்டுப் போறதப் பாத்து எனக்குத்தான் இடுப்பு வலிக்கி."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர்கிட்ட சொல்லிறாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மைனி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நான் எதுக்குச் சொல்லுதேன்? என் கல்யாணத்துக்கு அவன் பாத்த மாப்பிள்ளைய வேண்டாம்னு சொன்னேன். ஒரு வருஷம் எங்கூடப் பேசல. அப்பா செத்த வீட்டுலயும் பேசல. அடிச்சிருந்தாக்கூட ரெண்டு நாள்ல ஆறியிருக்கும் போ." பிறகு கறுப்பு டேங்கைப் பார்த்துவிட்டு, "அய்யே, இது என்னட்டி, இழவு வீட்டு வண்டி மாதிரி?" என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

கவரை எடுக்காமலே காட்டினேன். "மழைங்க. சாரல் அடிக்கு. இப்ப எடுத்தா ஈரம் உள்ள போயிரும்."

"சரியாச் சொன்ன! எடுக்காத, எடுக்காத. ஒனக்கு இப்பதான் வண்டியோட அரும தெரிஞ்சிருக்கு." பக்கத்தில் நின்ற யாரிடமோ, "நம்ம வீட்டுல பயங்கரமாப் பாத்துக்கிடுதா" என்று சொன்னது கேட்டது.

சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். மைனியோடு பூசைக்குப் போனேன். பிரசங்கம் முழுக்க பெயிண்ட் காய்ந்திருக்குமா என்றே யோசித்துக்கொண்டு இருந்தேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

டேங்க் வந்துவிட்டது. அதே கருஞ்சிவப்பு, அதே தங்கக் கோடு. நானும் மைனியும் அண்ணாச்சியும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. "புதுசா இருக்கே, அதுதான் குத்தம்" என்றார் அண்ணாச்சி. அதையும் ஏன் சொன்னார்!

இனி தினமும் கழுவி, உலர்த்தி, மின்விசிறியை வண்டிக்குப் போட்டுவிட்டு நான் விசிறியால் வீசிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

கோமதி ஆர்டர் கொடுத்துவிட்டாள், திங்கள்கிழமையிலிருந்து இன்சார்ஜ். பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். புதன் முதல் ஞாயிறு வரை லீவு கேட்டு வாங்கிவிட்டேன்.

மீட்டர் கேபிளை மாட்டியாயிற்று. கிரீஸ் துடைத்தாயிற்று. டயர் இடுக்கில் இருந்த அளத்து மண்ணைப் பழைய டூத் பிரஷ் வைத்து எடுத்தேன். ஏப்ரலில் எடுத்த போட்டோவை என் போனுக்கும் அனுப்பியிருந்தார், அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். கண்ணாடி திரும்பியிருந்த கோணம் உட்பட.

ஜனவரி 8, வியாழன்

வந்துவிட்டார்.

கறுத்து, இளைத்துப் போயிருந்தார். பெட்டியை உள்ளே வைத்ததும் வண்டிகிட்டதான் போனார். கவரை எடுத்தார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு இருந்தேன். சுற்றி வந்தார். குனிந்தார். டேங்கில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மட்காட்டுக்கு அடியில் விரலை விட்டு, எடுத்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு. நான் வச்சிட்டுப் போன மாதிரியே."

ஒன்றுமே நடக்கவில்லை! இரண்டு மாதம் நான் செத்துப் பிழைத்தது ஒரு துளி கூடத் தெரியவில்லை. எனக்கு சாக்லேட், சென்ட், ஒரு கைப்பை கொண்டு வந்திருக்கிறார். நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். தலைவலி.

ஜனவரி 9, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி சாதாரணமாகச் சொன்னார்.

"பிலோமி, வண்டிய வித்துரலாம்னு பாக்கேன். துறைமுகத்துல கிளியரிங் ஆபீஸ் வச்சிருக்காரே சேவியர், ரொம்ப நாளாக் கேக்காரு. நான் வருஷத்துல மூணு மாசம் இருக்கேன். மத்த நேரம் சும்மாதான நிக்கி. ஒனக்கு எதுக்கு வீணாத் தொடச்சிக்கிட்டு? நீ வச்சிருக்கிற நேர்த்திக்கு நல்ல வெல வரும். ஒரு பழைய கார் எடுத்துருவோம், நான் வரும்போது கோவிலுக்குக் கீவிலுக்குப் போக."

ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்கிறார்களாம்.

சரிங்க என்றேன். பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சேலைக்கு அடியில் ஆர்டர். திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கு அளத்தில் பதினோரு பேர். ஸ்கூட்டியின் இஞ்சின் இன்னும் அண்ணாச்சி மேஜையில் பிரிந்து கிடக்கிறது.

ஜனவரி 10, சனி

மைனியிடம் போய் நின்றேன்.

"சொல்லிரு" என்றார்.

"பேசாம இருந்துட்டாருன்னா?"

"இருக்கட்டும். நீயுந்தான் நாலு வருஷமாப் பேசாம இருக்க. ஒனக்கு என்ன ஆயிப் போச்சு இப்ப?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. நான் பேசாமலா இருக்கிறேன்? காலையிலிருந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்? சாப்பிட வாங்க, மழை வருது, குடை எடுத்துக்கோங்க. கீழே வந்து யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் பேசியிருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஏழரை மணிக்கு சேவியர் வந்தார். வெள்ளை வேட்டி, ஆளும் நல்ல மாதிரி. வண்டியைப் பார்த்து வாய் பிளந்தார். "ஷோரூம் வண்டி கெட்டுது போ! ஆனா ரெக்சா, ஒம்பது மாசம் நின்ன வண்டி. கார்புரேட்டர் அடச்சிருக்கும், பேட்டரி செத்திருக்கும். அதெல்லாம் பாத்து ஒரு வெல சொல்லு."

"ஆமா, அது இருக்கும். ஒதச்சுப் பாப்போம்" என்று இவர் சாவியைப் போட்டு ஒரு உதை உதைத்தார்.

முதல் உதையில் எழுந்துவிட்டது. என் புல்லட். ஒரு இருமல் கூட இல்லாமல், கடகடவென்று, நேற்று ஓடியது போல.

சேவியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவருக்கு முகம் மாறிவிட்டது. வண்டியைப் பார்த்தார், மெதுவாக என்னைப் பார்த்தார். துருவைப் பார்த்தே அது எத்தனை மாதத்துத் துரு என்று சொல்லிவிடுகிற மனிதர். நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அவரும் வாங்குகிறவர் முன்னால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். வண்டி போயிருக்கும்.

"அது நிக்கலங்க" என்றேன். "நான்தான் ஓட்டுனேன். நவம்பர்லருந்து. தெனமும்."

"யாரு, தங்கச்சியா?" என்றார் சேவியர்.

பிறகு நிறுத்த முடியவில்லை. லேப், அளம், வெறும் வயிறு, போர் தண்ணீர், கேபிள், ஈரத்தோடு மூடியது, கொப்புளம், கறுப்பு டேங்க், நெட்வொர்க்கை நானே கட் பண்ணியது எல்லாம் வந்துவிட்டது. வண்டி ஓடிக்கொண்டே இருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். "நாளைக்குக் காலைல எனக்கு வேல இருக்கு. வண்டி வேணும். விக்கக் கூடாது."

இவர் சாவியைத் திருப்பி அணைத்தார். அப்போதுதான் எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று எனக்கே தெரிந்தது.

"டேங்க்?" என்றார்.

"முழுசும் புதுப் பெயிண்ட்."

மறுபடியும் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கப்பலில் பத்து வருஷம் பெயிண்ட் அடித்தவர், வியாழக்கிழமை இதே கையால் தடவியவர். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சேவியர் செருப்பை மாட்டிக்கொண்டு, "பேசி முடிவு பண்ணுங்க, நான் அவசரப்படுத்தல" என்று கிளம்பினார். பேசவா! அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு சொல் இல்லை.

ஜனவரி 12, திங்கள்

பீரோவைத் திறந்து சாவியை எடுத்தேன். அவர் விழித்துத்தான் படுத்திருந்தார், மூச்சிலேயே தெரிந்தது. தடுக்கவில்லை. "வாரேன்" என்றேன். பதில் இல்லை. பதினோரு பேர், எட்டு மணிக்குள் சாம்பிள் லேபில்.

ஜனவரி 13, செவ்வாய்

பேசவில்லை. போனேன், வந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல், லேப் லீவு. காலையிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேர். அவர் பேப்பரை முழுக்கப் படித்தார், வரி விளம்பரம் உட்பட. மத்தியானம் எனக்கு அழுகை வந்தது. நான் செய்தது தப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பவும் செய்வேன்.

ஜனவரி 16, வெள்ளி

இன்று ஒன்று செய்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் நானே பேச ஆரம்பித்துவிட்டேன். சாப்பாடு, மழை பற்றி இல்லை. வேலம்மா அக்காவின் கட்டைவிரல் ஆறிவிட்டது, அளத்துக்கே காட்டிக்கொண்டு திரிகிறாள் என்று சொன்னேன். அவர் பேசாமல்தான் இருக்கிறார். காது கேட்கும் அல்லவா?

தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நான் ரசம் ஊற்றினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பேசவில்லை. பூசைக்கு நடந்தே போனோம், நாலடி இடைவெளி விட்டு. நேற்றும் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊசி என்றால் மயங்கி விழும் போலீஸ்காரர் கதையைச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, கல் கடித்ததா தெரியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று ஞானாதிக்கம் சார் விஷயம். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். மூன்று தடவை டெஸ்ட், மூன்றும் முந்நூறுக்கு மேல். "வெறும் வயிறு, வெறும் வயிறு, பைபிள்மேல சத்தியம்" என்று மார்பில் அடித்துக்கொள்கிறார். வீட்டம்மா பாவம், சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். "இன்னைக்கு நான் கொஞ்சம் சீக்கிரமே போயிட்டங்க. பஸ் ஸ்டாப் டீக்கடையில யாரு? குல்லாவும் மப்ளருமா மொகத்த மூடிக்கிட்டு ஒருத்தர், ஒரு கையில டீ, ஒரு கையில ஜிலேபி. நான் வண்டிய நிறுத்தி ஹெல்மெட்டக் கழட்டுதேன். அவரு திரும்புதாரு. அவரு என்னப் பாக்க, நான் அவரப் பாக்க..."

அந்த நேரம் பார்த்து குக்கர் கத்தியது. சோற்றுக் கையோடு எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கரித்துணியைத் தேடிக்கொண்டு இருந்தேன்.

"அப்புறம்?"

ஒன்பது நாளில் முதல் சொல். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. நான் அப்படியே நின்றேன். தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு? ஜிலேபிய என்ன செஞ்சாரு?"

குக்கரை இறக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, மீதியைச் சொன்னேன்.